இடது பக்க சலாம்

என் கழுத்தை நானே கெடுத்துக்கொண்டேன் என்று சொல்கிறவர்கள், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எங்கள் டிஸ்பாட்ச் மேசையில் ஒரே ஒரு நாள் உட்கார்ந்துவிட்டு அப்புறம் பேசட்டும். கம்பி ஏற்றிய லாரிக்கு ஈ-வே பில் போட இரண்டு கையும் வேண்டும். அதே நேரம் ஆந்திர எல்லையில், தடா செக்போஸ்டில் நிற்கிற டிரைவர் போனில் கத்துவார்: "சார், பில்லுல வண்டி நம்பர் தப்பு சார், உட மாட்டேன்றாங்க!" மூன்றாவது கை இல்லாதவன் என்ன செய்வான்? இடது தோளைத் தூக்கி, தலையைச் சாய்த்து, போனை அந்த இடுக்கில் கவ்விக்கொள்வான். எங்கள் மேசையில் எல்லோரும் அப்படித்தான். கம்பெனியில் ஹெட்செட் கொடுத்தார்கள். அதை மாட்டினால் டிரைவர் கத்துவது இரண்டு காதிலும் கேட்கிறது என்று ஒருத்தரும் தொடவில்லை.

கழுத்து பிடித்துக்கொண்டால் அதற்கும் வழி வைத்திருந்தேன். கவரைப்பேட்டை ஸ்டேஷன் பக்கத்து சலூன். முடி வெட்டி முடித்ததும் கடைக்காரர் ஒரு கையால் தாடையையும் மறு கையால் பின்மண்டையையும் பிடித்து, இப்படி ஒரு திருகு, அப்படி ஒரு திருகு. படக், படக் என்று நெட்டி விழும். ஆகா, அந்த சுகத்தை என்னவென்று சொல்ல! முடி வளராத வாரத்தில்கூட அதற்காகவே போய் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு காலையில் சட்டைப் பொத்தானை இடது கட்டைவிரலால் தொட்டேன். தொட்டது தெரியவில்லை. டீ டம்ளரை எடுத்தேன், அது பாட்டுக்கு நழுவி விழுந்தது. கழுத்திலிருந்து கட்டைவிரல் வரைக்கும் கரண்டு இழுத்தது. திருவள்ளூரில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், கழுத்தில் ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, முதலில் பிசியோதெரபி செய்யுங்கள், சரியாகவில்லை என்றால் ஆபரேஷன் பற்றிப் பேசலாம் என்றார். மனைவி அங்கேயே அழுதாள். எனக்கு ஆபரேஷனைவிடப் பெரிய பயம் வேறு ஒன்று இருந்தது. அது வெள்ளிக்கிழமை.

வாப்பாவுக்கும் எனக்கும் பேச்சு நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. பழவேற்காட்டிலிருந்து வந்து, கவரைப்பேட்டைக்குப் பக்கத்து ஆரணியில் மளிகைக் கடை போட்டவர் அவர். "எவனோ சம்பாரிக்கிறதுக்கு நாற்காலியில குந்திக்கினு பில்லு போட்டுக்கினு கீறியே, சொந்தக் கடை இங்க காத்துக்கினு கீதுடா" என்றார். "வெங்காயம் பொறுக்குறதுக்கா என்னைப் படிக்க வச்சீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவ்வளவுதான். அவரும் வாயைத் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் வீம்புக்கு மட்டும் பஞ்சமே கிடையாது.

ஆனாலும் வெள்ளிக்கிழமை பர்மிஷன் போட்டுவிட்டு ஆரணி பள்ளிவாசலுக்கு ஜும்ஆவுக்குப் போவேன். வாப்பா என் இடது பக்கத்தில் நிற்பார். நான் சிறுவனாக இருந்ததிலிருந்து எங்கள் இடம் அதுதான். தொழுகையின் முடிவில் வலது பக்கம் முகம் திருப்பி ஒரு சலாம், இடது பக்கம் திருப்பி ஒரு சலாம். வாப்பாவுக்கு எதிலும் அவசரம். இடது சலாம் கொடுத்த கையோடு சட்டென்று முகத்தை என் பக்கம் திருப்பிவிடுவார். நான் அப்போதும் அவர் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நொடி, கண்ணும் கண்ணும் பார்த்துக்கொள்ளும். அந்த வாரம் முழுவதற்கும் நாங்கள் பேசிக்கொண்டது அந்த ஒரு நொடிதான்.

இப்போது இடது பக்கம் கொஞ்சம் திரும்பினாலே உயிர் போனது. இடது சலாமின்போது நேரே பார்த்தபடி விறைத்து உட்கார்ந்திருந்தேன். ஓரக்கண்ணில் வாப்பாவின் முகம் என் பக்கம் திரும்பியதும், கொஞ்சம் நின்றதும், பிறகு குனிந்ததும் தெரிந்தது. வேண்டுமென்றே முகம் கொடுக்கவில்லை என்று நினைத்திருப்பார். கழுத்து வலி என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். எப்படிச் சொல்வது? "பாத்தியாடா, அந்த நாற்காலி உன்ன இன்னா பண்ணிச்சு பாத்தியா" என்பாரே! வீட்டில் யாரும் மூச்சு விடக்கூடாது என்று மனைவியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

அடுத்த வெள்ளி, வாப்பா எங்கள் இடத்துக்கு வரவில்லை. என்னைத் தாண்டிப் போய் என் வலது பக்கத்தில் உட்கார்ந்தார். "அந்தப் பக்கம் ஃபேன் காத்தே வர்ல" என்று பக்கத்திலிருந்தவரிடம் எனக்குக் கேட்கும்படி சொன்னார். நான் முகம் கொடுக்கவில்லை என்பதற்காக அத்தனை வருட இடத்தை விட்டுவிட்டாரா? சரி, போகட்டும் என்று வலது சலாமுக்கும் கண்ணைத் தாழ்த்தி கம்பளத்தையே பார்த்தேன். அதற்குப் பிறகு வந்த வெள்ளிகளிலும் அப்படியே.

பிசியோதெரபி, அதே சலூனுக்கு நாலு கடை தள்ளி ஒரு மாடி அறையில் நடந்தது, கீழே மெடிக்கல் ஷாப். தெரபிஸ்ட் என்னைவிட வயதில் சின்னவர், கவரைப்பேட்டைப் பெண். வாயைத் திறந்தால் பட்டாசு. வலியில் நான் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு, முதல் வேலையாக, "பாய், அந்தக் கையத் தூக்கித் தல மேல வைங்க" என்றார்.

வைத்தேன். கரண்டு நின்றது. நிஜமாகவே நின்றது! தூக்கமில்லாமல் என்னைப் புரட்டி எடுத்த வலி, கையைத் தலையில் வைத்ததும் எங்கே போனதென்றே தெரியவில்லை. இறக்கினேன், வந்தது. மறுபடி வைத்தேன், போனது. சுப்ஹானல்லாஹ் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"மேஜிக்லாம் இல்ல பாய். கை மேல போனா நரம்புக்குக் கொஞ்சம் லூசு கிடைக்குது, அவ்ளோதான்" என்று சிரித்தார். சலூன் விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு போய்விட்டது. "ஏற்கெனவே நசுங்கிக்கினு கீது. அத்தப் புடிச்சித் திருகச் சொல்லிக் குந்துறீங்களே, அறிவு வாணாம்? இனிமே போனக் கய்த்துல கவ்வுறதும் கட், நெட்டி எடுக்குறதும் கட்."

கழுத்தில் பட்டை மாட்டியதும் மெஷின் மெதுவாக இழுத்தது. தாடையை உள்பக்கமாக இழுத்துப் பிடிக்கச் சொன்னார். பஸ்ஸை நிறுத்துவதுபோல் கையைப் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கையை மடக்கிப் பிரிக்கச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். "பாவாடையில நாடா ஓடுது பாருங்க, அந்த மாரி நரம்பு உங்க கைக்குள்ள ஓடும். அது சிக்காம ஓடணும்." நரம்பு என்றால் சுவரில் புதைத்த ஒயர் மாதிரி அசையாமல் கிடக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். சோற்றைப் பிசையும்போதும், பிரேக் பிடிக்கும்போதும், துஆவுக்குக் கையேந்தும்போதும் எனக்குள் ஒன்று சத்தமில்லாமல் வழுக்கிப் போய் வந்துகொண்டிருந்திருக்கிறது. அன்று பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம் முழுக்க என் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

பிறகு கதை கெட்டது. விரலில் இருந்த வலி முழங்கைக்கு ஏறியது. அங்கிருந்து தோளுக்கு. கடைசியில் எல்லாம் சேர்ந்து கழுத்திலேயே குத்தியது. எனக்கு வந்ததே கோபம்! இத்தனை நாள் மடக்கிப் பிரித்ததெல்லாம் இதற்குத்தானா? நேராக சலூனுக்குப் போனேன். "முடிய வெட்டிட்டு நல்லா ஒரு நெட்டி எடுங்க" என்று நாற்காலியில் சாய்ந்தேன்.

வெட்டி முடித்தார். ஒரு கை தாடைக்கு வந்தது, மறு கை பின்மண்டைக்கு வந்தது. அந்த நேரத்தில் இடது கட்டைவிரல் அரித்தது. குனிந்து பார்த்தேன். போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரலில், வெட்டிய முடி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு முடி. அது குத்துவது தெரிந்தது.

"கைய எடுங்க! கைய எடுங்க!" என்று கத்திக்கொண்டு எழுந்தேன். "இன்னா பாய், இன்னா ஆச்சு?" என்று அவர் பின்னால் போய்விட்டார். அந்த முடியை எடுத்து மறுபடி விரலில் வைத்துப் பார்த்தேன். குத்தியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்டிய முடி கழுத்தெல்லாம் ஒட்டியிருக்க அப்படியே தெரபிஸ்டின் மாடிக்கு ஓடினேன்.

விஷயத்தைக் கேட்டதும் தெரபிஸ்ட் கை தட்டினார். "கையில இருந்து வலி கய்த்துக்கு ஏறிச்சா? அய்ய, அத்தச் சொல்ல வாணாமா? அது வந்த வழியே திரும்பிப் போய்க்கினு கீது பாய்! விரல உட்டு மேல ஏறுனா நல்லா ஆவுதுன்னு அர்த்தம்." என் வாய் மூடவில்லை. வலி அதிகமாகிவிட்டது என்று நான் திட்டிக்கொண்டிருந்த நாளெல்லாம், அது மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறது.

இன்னும் சில வாரங்களில் டம்ளர் கையில் நின்றது. கழுத்து இடது பக்கம் திரும்பியது. ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

அந்த வெள்ளி ஆரணிக்குப் போனபோது வாப்பா எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். எங்கள் பழைய இடத்தில். பக்கத்து இடம் காலியாக இருந்தது. அவருக்கு வலது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தொழுகை முடிவில் வலது சலாம் கொடுத்தேன். பிறகு மெதுவாக, பயந்து பயந்து, இடது பக்கம் திருப்பினேன். திரும்பியது. வாப்பாவின் தொப்பி தெரிந்தது, காது தெரிந்தது, நரைத்த தாடி தெரிந்தது. வழக்கம்போல அவர் அவசரமாக முகத்தை என் பக்கம் திருப்பினார். பார்த்துக்கொண்டோம்.

"கய்த்து திரும்புதாடா?" என்றார்.

ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் பேச்சு. கழுத்தைத் தடவிக்கொண்டே கேட்டேன்: "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உன் பொண்டாட்டி மொத வாரமே சொல்லிட்டா. உங்க புள்ள சோத்தாங்கை பக்கந்தான் திரும்புறாருன்னு சொன்னா."

"அப்ப ஃபேன் காத்து வரலேன்னு சொன்னது?"

வாப்பா அண்ணாந்து மேலே பார்த்தார். எங்கள் தலைக்கு மேல் ஃபேன் பறந்துகொண்டிருந்தது.

"அது எப்பவுமே நல்லாத்தான் ஓடுது" என்றார்.

நான் திரும்ப முடிந்த பக்கத்தில் வந்து அத்தனை வெள்ளியும் காத்திருந்திருக்கிறார். நான் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.