அக்கா வீட்டில் ஆண் சட்டை இருக்கக் கூடாது

நடந்தவை, வரிசைப்படி:

1. மலேசியாவில், கோப்பெங் பக்கத்துத் தோட்டத்துக் கோயிலில் அக்காவுக்குத் தாலி கட்டினார்கள். அரசாங்கப் பதிவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

2. தோட்டம் விற்கப்பட்டது. தொழிலாளர்கள் இருந்த லயத்து வீடுகளை இடித்தார்கள். அக்காவும் அத்தானும் இரண்டு பெண் குழந்தைகளோடு ஈப்போவில் ஒரு கடைக்கு மேலே இருந்த வாடகை அறைக்கு வந்தார்கள்.

3. அரசாங்க ஃபிளாட்டுக்கு விண்ணப்பம் திறந்தது. கணவன் இல்லாத தாய்மார்களுக்கு முன்னுரிமை என்றார்கள்.

4. படிவத்தை நான் நிரப்பினேன். ‘இபு துங்கல்’, அதாவது தனித்து வாழும் தாய், என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

5. வீடு கிடைத்தது.

6. அத்தான் போய்விட்டார்.

நான்காவதைச் செய்தது நான். தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு என் வேலை. ஓர் இயந்திரத்தைத் தொடுவதற்கு முன், இதை நிறுத்தினால் வேறு எது நிற்கும் என்று பட்டியல் போட்டுப் பார்ப்பேன். அந்தப் படிவத்துக்கு அதைச் செய்யவில்லை.

எங்கள் வட்டாரத்தில் இப்படிப்பட்ட மனுக்களை எழுத உதவும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். காசு வாங்க மாட்டார், நல்ல மனிதர். நான் குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அத்தான் பெயரை எழுதப் போனபோது பேனாவைப் பிடித்துத் தடுத்தார்.

“தங்கச்சி, புருஷன் பேரு எழுதுனா வரிசையில கடைசிக்குப் போயிருவீங்க. ரெஜிஸ்டர் பண்ணலதானே? அப்ப சட்டப்படி ஒன் அக்கா தனி ஆளுதான்லா.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. பதிவுப் பத்திரம் இல்லாததால் குழந்தைகளின் பிறப்புப் பத்திரத்தில்கூட அப்பாவுக்குரிய இடத்தில் தகவல் இல்லை என்றுதான் அச்சாகியிருந்தது. கோயிலில் மாலை மாற்றி, ஊரே சாப்பிட்டுவிட்டுப் போன பிறகு, இன்னும் ஒரு காகிதம் வேண்டும் என்று எங்கள் ஆட்களுக்குத் தோன்றுவதில்லை. அந்தச் சோம்பல் எங்கள் குற்றம். அதற்குப் பரிசாக ஒரு வீடு கிடைக்கும் என்று ஏற்பாடு செய்துவைத்தது எங்கள் குற்றமில்லை.

அத்தான் அப்போது சிரித்தார். வீடு வரட்டும், நான் வந்து போகிற மாப்பிள்ளையாக இருந்துகொள்கிறேன் என்றார். மூத்தவளுக்கு எட்டு வயது. கடைக்கு மேலிருந்த அறையில் மழை பெய்தால் மெத்தையைத் தூக்கிச் சுவரில் சாய்க்க வேண்டும். ஐந்தாம் மாடி, இரண்டு அறை, சொந்தக் குளியலறை என்றதும் யாரும் மேற்கொண்டு யோசிக்கவில்லை.

குடிபோனதும் விதிகள் வந்தன. சோதனைக்கு எப்போது வேண்டுமானாலும் அதிகாரி வரலாம் என்பதால், அத்தானின் சட்டைகள் நான் தனியே தங்கியிருக்கும் அறையின் அலமாரிக்கு வந்தன. அவர் செருப்பு வாசலில் கிடக்கக் கூடாது. ஹெல்மெட் கீழே உள்ள சாப்பாட்டுக் கடையில் இருக்கும். முகம் மழிக்கும் கத்தியை அக்கா அரிசி டின்னுக்குள் வைத்தாள். இரவுக் காவல் வேலை முடிந்து காலையில் வரும் அத்தான், தன் வீட்டுப் படியில் ஏறுவதற்கு முன் மேலே பார்த்துவிட்டு ஏறினார். எதிர்வீட்டு அக்கா அவரைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்: “என்ன அண்ணே, இந்தத் தடவ எத்தன நாளு விசா?” அந்த எதிர்வீட்டிலும் இதே கதைதான். அதனால் அந்தக் கேலியில் கொஞ்சம் உரிமையும் இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலையில் பெண் அதிகாரி ஒருவர் வந்தார். நானும் அங்கே இருந்தேன். அத்தான் ரொட்டி சானாய் வாங்கக் கீழே போயிருந்தார். அந்த அம்மா மரியாதையாகத்தான் பேசினார். காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அறைகளைப் பார்த்து, கடைசியில் மூத்தவளிடம் குனிந்து அப்பா எங்கே என்று மலாயில் கேட்டார்.

“அப்பா இல்ல,” என்று அவளும் மலாயிலேயே சொன்னாள். தடுமாறவில்லை. வாய்ப்பாடு மாதிரி நானும் அக்காவும் சொல்லிக்கொடுத்திருந்தோம். தப்பாகச் சொன்னபோதெல்லாம் திருத்தியவள் நான்.

அதிகாரி அவள் தலையைத் தடவி, பாவம் என்று சொல்லி, தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். வாசல் கதவு திறந்தே இருந்தது. படிக்கட்டுத் திருப்பத்தில் ரொட்டிப் பொட்டலத்தோடு அத்தான் நிற்பதை நான் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பொட்டலத்தைப் படியில் வைத்துவிட்டு இறங்கிவிட்டார்.

சித்தியவானில் அவருடைய கூட்டாளி ஒருவர் இறால் பண்ணையில் வேலை பார்க்கிறார். அத்தானும் அங்கே வேலைக்குச் சேர்ந்துவிட்டார். நான் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன், திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

“கோவம்லாம் இல்லம்மா. பிள்ள சரியாத்தான் சொன்னா. இல்லாத ஆளு எப்படி வீட்டுக்கு வருவான்?”

எனக்குக் கோபம் இருக்கிறது. குடும்பமே நாட்டின் அடித்தளம் என்று வீடு ஒதுக்கும் அலுவலகச் சுவரில் பதாகை தொங்குகிறது. அம்மா, அப்பா, பிள்ளைகள் எல்லாரும் ஒரே நிறத்தில் உடுத்திச் சிரிக்கிறார்கள். அதற்குக் கீழே விண்ணப்பம் வாங்கும் முகப்பில்தான், அப்பா இல்லாவிட்டால் வரிசையில் முன்னால் வா என்கிறார்கள். உண்மையிலேயே கைவிடப்பட்ட பெண்ணுக்கு வீடு கொடுப்பதை நான் எதிர்க்கவில்லை. முதலில் அவளுக்குத்தான் கொடுக்க வேண்டும். ஆனால் குறைந்த சம்பளக்காரன் ஒருவன் மனைவி மக்களோடு சேர்ந்து வாழ்வது அவர்களுக்கு நஷ்டமாகும்படி விதி எழுதுகிறவர்கள், அவன் போன பிறகு ‘பொறுப்பற்ற அப்பாக்கள்’ என்று கருத்தரங்கு நடத்தக் கூடாது.

வேலையிடத்துத் தோழி ஒருத்தி, வீடு அக்கா பெயரில் இருப்பது நல்லதுதானே, ஆம்பளை இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும் என்றாள். குறைந்திருக்கிறது. சின்னவளுக்கு வீசிங் வந்தால் தூக்கிக்கொண்டு ஐந்து மாடி இறங்க ஆள் இல்லை. மூத்தவள் பள்ளியில் குடும்பப் படம் வரைந்தாள், அப்பாவை வரையலாமா என்று என்னிடம் அனுமதி கேட்டாள். எந்த உதவித்திட்டமும் இதற்கு ஆள் அனுப்பாது.

நான் தோட்டத்தைக் கொண்டாடவில்லை. அங்கே வேலை போனவனை வீட்டை விட்டு வெளியேற்றினார்கள். ஆனால் குடும்பத்தைச் சேர்த்தே வெளியேற்றினார்கள். இங்கே குடும்பத்தை உள்ளே வைத்துக்கொண்டு அவனை மட்டும் வெளியே நிறுத்தியிருக்கிறார்கள், எங்கள் கையாலேயே.

போன மாதம் திருமணப் பதிவு விண்ணப்பத்தோடு சித்தியவானுக்குப் போனேன். பதிந்தால் வீட்டு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், அவர்கள் வீட்டைத் திரும்பக் கேட்கலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அத்தான் தாளைப் படித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். ஈப்போவுக்கு வந்து அக்காவிடம் கொடுத்தேன். அவள் படித்துவிட்டுத் தாளை மேசைமேல் வைத்தாள்.

“வீட்ட புடுங்கிட்டா ரெண்டு பொண்ணுங்கள எங்க கூட்டிட்டுப் போவேன்? ஒன் ரூமுக்கா?”

என் அறையில் ஒரு கட்டில்தான் போட முடியும்.

இப்போதைய நிலை: அத்தான் சித்தியவானில் இருக்கிறார். அக்காவும் குழந்தைகளும் ஐந்தாம் மாடியில் இருக்கிறார்கள். விண்ணப்பத்தில் அவர் கையெழுத்து இருக்கிறது, அவள் கையெழுத்து இல்லை. அடுத்த சோதனை எப்போது என்று தெரியாது.