இன்னும் அரைச்சுற்று

பஸ் டிப்போவில் அவருக்குப் பெயர் அரைச்சுற்று. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார். வேறொருவர் முறுக்கி முடித்த நட்டில் ஸ்பானரை மாட்டி இன்னும் அரைச்சுற்றுத் திருப்பினால்தான் மனிதருக்கு மூச்சு வரும். அப்படித் திருப்பியே எத்தனை போல்ட்டுகளின் கழுத்தை முறித்திருக்கிறார் என்று கேட்டுவிடாதீர்கள். "முறிஞ்சுதுன்னா அது முன்னாடியே நோஞ்சான். ரோட்டுல முறியறதுக்கு இங்கயே முறியட்டும்" என்பார். இந்த ஆளோடு யார் மல்லுக்கு நிற்பது?

வேலை பிரேக்டவுன் வண்டியில். எங்கேயாவது பஸ் நின்றுபோனால் தகவல் வரும், இவர் கிளம்புவார். போய்ச் சேரும்போது பயணிகள் சாலையோரம் குந்தியிருப்பார்கள், டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டிருப்பார், பானட்டுக்குள்ளிருந்து புகை வந்துகொண்டிருக்கும். வேலையில் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும் வரை அவர் பார்த்தது இதைத்தான்.

ஓய்வு பெற்றதும் ஏலத்தில் ஒரு பழைய டீசல் பிக்கப் எடுத்தார். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. கதவு துருப்பிடித்திருந்தாலும் எஞ்சின் கல்லுக்குண்டு. அது வீட்டுப் பக்கவாட்டுச் சந்தில் சும்மா நின்றிருந்தது, மகளிடமிருந்து போன் வரும் வரை.

மகளும் மருமகனும் பொட்டல்காட்டுக்கு அப்பால், காற்றின் வேகத்தை அளக்கும் நிலையத்தில் வேலை பார்த்தார்கள். அங்கே போக ரோடு கிடையாது. ஊருக்கு வெளியே உள்ள காய்ந்த ஆற்றைக் கடந்து, மணலும் கல்லுமாக ஒரு தடம், அவ்வளவுதான். மகளுக்கு இது நிறைமாதம். உடம்பு குலுங்கக் கூடாது, இடத்தை விட்டு அசையாதே என்று டாக்டர் போனிலேயே சொல்லிவிட்டார். அங்கே இருப்பது ஒரு சின்ன ஆஸ்பத்திரி, ஒரே ஒரு நர்ஸ். "அம்மா, நீ பக்கத்துல இருந்தா எனக்குப் போதும்" என்று போனில் அழுதாள். மழை இறங்கிவிட்டால் ஆறு ஓடும். ஆறு ஓடினால் தடம் அடைபட்டுவிடும். பிறகு தலைகீழாக நின்றாலும் போக முடியாது.

"நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார் அரைச்சுற்று. சொன்ன கையோடு வண்டிக்கு அடியில் படுத்தார். படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

முதலில் செய்ததெல்லாம் சரியான வேலைதான், அதை நாம் மறைக்கக் கூடாது. டீசல் ஃபில்டரை மாற்றினார். வெடித்த ரேடியேட்டர் குழாய்களைக் கழற்றிப் புதுசு போட்டார். தூசி உள்ளே போகாமலிருக்க, எஞ்சின் காற்று இழுக்கும் குழாயைக் கூரை வரை உயர்த்தினார். அதோடு விட்டிருந்தால் நமக்குச் சொல்லக் கதையே இல்லை. முன்னால் இரும்பு பம்பர் வேண்டும் என்று தோன்றியது. பம்பர் கனத்துக்கு ஸ்பிரிங் தாழ்ந்தது. ஸ்பிரிங்குக்கு ஒரு பட்டை கூடச் சேர்த்தார். பட்டை சேர்த்த பிறகு, இவ்வளவு தாங்குகிறதே என்று பின்னால் டீசல் பீப்பாய்கள் ஏறின. அப்புறம் ஒரு டைனமோ, ஒரு ஸ்டார்ட்டர், இன்னொரு ரேடியேட்டர், ஆக்ஸில் தண்டு, டயர்கள், எல்லாம் உள்ளது கெட்டால் மாற்றிப் போட.

மனைவியின் தம்பி லேத் பட்டறை வைத்திருந்தார். பம்பர் அடித்துக் கொடுத்தவர் அவர்தான். ஆக்ஸில் தண்டு ஏறுவதைப் பார்த்துவிட்டு, "ஒண்ணு பண்ணுங்க மாமா. இன்னொரு பிக்கப்பை வாங்கிப் பின்னாடி கட்டிக்குங்க. கவலை விட்டுது" என்றார்.

"உனக்கு எல்லாம் விளையாட்டு மச்சான். நடுக்காட்டுல நின்னா யாரு வருவா? நான்தானே போவேன்? நானே நின்னுட்டா?"

மச்சான் ஆக்ஸில் தண்டை ஏற்றக் கை கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் கிண்டல் செய்யவில்லை.

மனைவி தையல்காரி. மெஷினில் உட்கார்ந்தபடி ஜன்னல் வழியே சந்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். தன் பையை அவள் என்றோ கட்டி முடித்துவிட்டாள்: குழந்தைக்குத் துணி, தனக்கு மாற்றுப் புடவை. நிலையத்துக்குச் சாமான் ஏற்றிப் போகும் கடைசி லாரி கிளம்பியபோது, "நான் அதுலயே போயிடறேனே" என்றாள். "வீட்டுல வண்டியை வச்சுக்கிட்டு லாரியில போவியா? ஊரு சிரிக்கும்" என்று இவர் முறுக்கிக்கொண்டார். புருஷன் பேச்சை நம்பி அவளும் லாரியை விட்டுவிட்டாள். இப்போது மேற்கே மேகம் கட்டிவிட்டது. அவளுக்குத் தையல் நேராக வரவில்லை, தைப்பாள், பிரிப்பாள்.

நாளை காலை கிளம்பலாம் என்று அவர் வாயாலேயே சொன்ன அன்று, எஞ்சினுக்கு அடியில் ஆயிலை வடிய விடும் போல்ட்டை எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் அரைச்சுற்றுத் திருப்பினார். டக்கென்று சத்தம். ஊற்றிய புது ஆயில் முழுக்கச் சந்தில் ஓடியது. அதை மச்சான் பட்டறையில் சரிசெய்து முடிப்பதற்குள், கிளம்பும் நாள் மறுபடி தள்ளிப்போனது. மனைவி வாசலுக்கு வந்து ஆயிலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், உள்ளே போய் மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள். திட்டியிருந்தால் கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஆத்து மணல்ல ஒரு ஓட்டம் பாத்துட்டா போதும். அப்புறம் கிளம்பிடலாம்" என்றார் வண்டி சரியானதும். மனைவி எழுந்தாள். பையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"சும்மா ஓட்டிப் பாக்கத்தான் போறோம். பை எதுக்கு?"

"இருக்கட்டும். நீங்க எல்லாத்தையும் எடுத்துக்கலையா?"

ஆற்றங்கரையில் இறங்கும் வரை வண்டி நன்றாகத்தான் ஓடியது. மணலில் பாதி தூரம் போனதும் முன்பக்கம் மெல்லத் தாழ்ந்தது. அவர் அழுத்தினார். சக்கரம் சுற்றிச் சுற்றிக் குழி பறித்தது. இரும்பு பம்பர் மணலில் போய் உட்கார்ந்துகொண்டது. எஞ்சின் உறுமியது, வண்டி நகரவில்லை. எந்த வண்டி நிற்கக் கூடாது என்று இத்தனை பாடுபட்டாரோ, அந்த வண்டி வீட்டுக்கூரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே நின்றுவிட்டது.

அரைச்சுற்று இறங்கி வண்டியைச் சுற்றி வந்தார். பானட்டைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். கை சும்மா இருக்க மறுத்தது. "பாத்தியா, நான் சொன்னேன்ல? நிக்கும்னு சொன்னேன்ல?" என்றார், ஏதோ ஜெயித்துவிட்டவர் போல. சொல்லி முடித்ததும் முகம் சுண்டிப்போயிற்று.

மனைவி ஒரு மாற்று டயரைத் தள்ளி இறக்கி அதன்மேல் உட்கார்ந்தாள். கோபம் அவளுக்கு மூக்குவரை வந்திருந்தது. பேச்சு என்னவோ மெதுவாகத்தான் வந்தது.

"ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க. உங்க டிப்போவுல தினமும் எத்தனை பஸ் போச்சு?"

"அது போச்சு நூத்துக்கணக்குல."

"நின்னதுன்னு உங்களைக் கூப்பிட்டது?"

"ஒண்ணு ரெண்டு இருக்கும். சில நாள் அதுவும் இல்ல."

"மிச்ச பஸ்ஸெல்லாம்?"

அவர் பானட்டை மூடினார்.

"மிச்சதெல்லாம் போய்ச் சேந்துச்சுங்க. நீங்கதான் பாக்கலை. நின்ன வண்டியை மட்டும் பாத்துப் பாத்து, வண்டின்னாலே நிக்கிறதுன்னு ஆயிடுச்சு உங்களுக்கு. எம்பொண்ணு அங்க அம்மா இல்லாம வலி எடுத்துக் கிடப்பா. உங்க ஸ்டார்ட்டரா போயி அவ கையைப் பிடிச்சுக்கப் போவுது?"

அவர் மணலைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார்: "எனக்குப் பயமா இருக்குடி. உன்னையும் நடுவழியில உக்கார வச்சிட்டா, அவளுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"எனக்கு மட்டும் பயமில்லையா? பயத்தோடயே போவோம்."

அவர் பீப்பாய்களில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை உருட்டி இறக்கினார். ரேடியேட்டரை இறக்கினார். டைனமோ, ஸ்டார்ட்டர், ஆக்ஸில் தண்டு என்று ஒவ்வொன்றாக மணலில் வைத்தார். அவளும் கை கொடுத்தாள். கடைசியில் பம்பரையே கழற்றினார். அவர் கையால் முறுக்கிய போல்ட்டுகள் அல்லவா, கழற்றுவதற்குள் அவருக்கே நாக்குத் தள்ளிவிட்டது. மிச்சம் இருந்தது ஒரு மாற்று டயர், ஒரு பீப்பாய் டீசல், குடிதண்ணீர், ஜாக்கி, ஸ்பானர் பை, அவளுடைய துணிப்பை.

இன்னொன்று பாக்கி. மணலில் போக டயரில் காற்றைக் குறைக்க வேண்டும் என்று லாரிக்காரர்கள் எல்லாரும் சொல்லியிருந்தார்கள். டிப்போவில் காற்றுக் குறைந்த டயரோடு வண்டியை வெளியே விடுவது பெரிய குற்றம். அதனால் அவருக்கு மனசே வரவில்லை. இப்போது குனிந்து ஆணியால் வால்வை அழுத்தினார். காற்று சீறி வெளியேறியது. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார், ஊசி போட்டுக்கொள்கிறவர் மாதிரி.

குழியைக் கையாலேயே தோண்டிச் சரிவு பண்ணிவிட்டு வண்டியைக் கிளப்பினார். பிக்கப் ஒரு தடவை உலுக்கியது, ஏறியது, மணல்மேல் மிதக்கிற மாதிரி ஓடி எதிர்க்கரையில் போய் நின்றது.

அந்தக் கரையிலிருந்துதான் தடம் ஆரம்பம். அவர் இறங்கி, ஆற்றுக்குள் கிடந்த சாமான்களைத் திரும்பிப் பார்த்தார். மனைவி இறங்கவே இல்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தாள்.

"மச்சானுக்குப் போன் போடு. அதையெல்லாம் வந்து அள்ளிட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி ஏறி உட்கார்ந்தார்.

வழி முழுக்க அவர் காது எஞ்சினிலேயே இருந்தது. ஒரு சின்னச் சத்தம் கேட்டால் போதும், கால் பிரேக்குக்குப் போய்விடும். "நிக்கும்போது நின்னு பாத்துக்கலாம்" என்பாள் அவள். மறுநாள் பொழுது சாய்கிற நேரத்தில் நிலையத்தின் உயரமான கம்பங்கள் தெரிந்தன. ஈரக்காற்று அடித்தது. வண்டி நின்றதும் அவள் பையோடு இறங்கி ஓடினாள்.

அவர் இறங்கியதும் கை தானாகவே பானட்டைத் திறந்தது. ஸ்பானரோடு குனிந்து நின்றார். மகள் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, அம்மா தோளைப் பிடித்தபடி மெல்ல நடந்து வந்தாள்.

"என்னப்பா, வண்டிக்கு என்ன ஆச்சு?"

இந்தக் கேள்வியை அவரிடம் கேட்காத டிரைவரே கிடையாது. ஒவ்வொரு தடவையும் அவரிடம் ஒரு பதில் இருந்தது. இப்போது குழாயைப் பார்த்தார், பெல்ட்டைப் பார்த்தார், ஃபில்டரைத் தொட்டுப் பார்த்தார். கண் மங்கியது. ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"ஒண்ணும் ஆகலைம்மா" என்றார். "வந்து சேந்துட்டோம்."