இடது கையால் ஓர் ஓவர்

முப்பது வருஷம் வருவாய்த் துறை அணிக்காக வலது கையால் வேகப்பந்து வீசினேன். பெருமைப்பட ஒன்றுமில்லை, எங்கள் அணியில் ஓடத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஒருமுறை எதிரணிப் பொறியாளர் ஒருவர் என் பந்தைச் சந்திக்காமல் இருக்க மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுத்தார். என் கிரிக்கெட் வாழ்க்கைக்கு எழுத்தில் இருந்த ஒரே சான்று அந்த விண்ணப்பம்.

ஓய்வு பெற்ற இரண்டாம் வருஷம் வலது தோள் இறுகிப்போனது. சட்டை மாட்டவே மனைவி வேண்டும். "இனிமே பவுலிங்கை மறந்துடுங்க சார்" என்றார் டாக்டர். மருந்துச் சீட்டில் அப்படி எதுவும் எழுதவில்லை. வாய்மொழி உத்தரவுகளை நான் பணியில் இருந்தபோதே ஏற்றதில்லை.

விதிப் புத்தகத்தை எடுத்தேன். எந்தக் கையால், ஸ்டம்புக்கு எந்தப் பக்கமிருந்து வீசப்போகிறோம் என்று நடுவரிடம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அந்தக் கை எத்தனை வருஷம் பழகிய கை என்று கேட்க விதியில் இடமில்லை.

வேங்கிக்காலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு காலி மனை. அதன் சுவரில் கரியால் மூன்று ஸ்டம்பு வரைந்து, காலை ஆறு மணிக்கு இடது கையால் வீசத் தொடங்கினேன். முதல் வாரம் பந்து சுவருக்கே போகவில்லை. ஒரு பந்து எனக்குப் பின்னால் போய் எங்கள் துணிக்கொடியில் விழுந்தது. எப்படி என்று இன்றுவரை விளங்கவில்லை.

"அந்தக் கையால யாருக்காவது வெத்தல பாக்கு குடுப்பீங்களா?" என்றாள் மனைவி.

"குடுக்கலையே, வீசறேன்."

"காக்காக்குக்கூட சோத்துக்கையாலதான் வெப்பாங்க."

நான்காம் மாதம் காபியை அவளே சுவரோரம் கொண்டுவந்தாள். "இன்னிக்கு எத்தன பட்டுது?" என்றாள். இரண்டு என்றேன். உண்மையில் ஒன்று.

பணியில் இருப்பவர்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் வருஷா வருஷம் ஒரு மேட்ச் நடக்கும். பௌர்ணமி ஒட்டாத ஞாயிறாகப் பார்ப்போம். பௌர்ணமி என்றால் அந்த மைதானத்தில் கிரிவலத்துக்கு வரும் வெளியூர் பஸ்கள் நிற்கும். இந்த வருஷம் நான் போனதும், மூன்று வருஷமாக நடுவராக நிற்கும் ஓய்வுபெற்ற தாசில்தார் தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றி நீட்டினார்.

"கை போச்சுன்னு கேள்விப்பட்டேன். இனிமே நீங்க நில்லுங்க சார்."

"எனக்கு ஒரு ஓவர் குடுங்க."

கோட்டை மறுபடி மாட்டிக்கொண்டு என் தோளைப் பார்த்தார். "ஒரு ஓவர். மூணு வைடு போட்டா அங்கயே நிறுத்திட்டுக் கோட்டப் போட்டுக்கணும். அப்புறம் எந்த வருஷமும் பந்து கேக்கக் கூடாது."

"ஒத்துக்கறேன்."

எனக்கு முன்னால் பேட்டுடன் நின்றவர் ஒரு காலத்தில் என் பிரிவில் உதவியாளராக இருந்தவர். நடுவர் பழக்க தோஷத்தில் "ரைட் ஆர்ம்" என்று அவரிடம் அறிவிக்க வாயெடுத்தார்.

"லெஃப்ட் ஆர்ம்" என்றேன். "ரவுண்ட் த விக்கெட்."

ஸ்டம்புக்குப் பின்னால் எங்கள் கீப்பர், ஓய்வுபெற்ற சர்வேயர் பாய், நிமிர்ந்தார்.

"யா அல்லா! சார், நீங்க பீச்சாங்கைல போடறத நான் சோத்துக்கையால புடிக்கணுமா?"

"கிளவுஸ் போட்டிருக்கீங்கல்ல பாய்."

முதல் பந்து வைடு. இரண்டாவதும் வைடு, பாய் விழுந்து பிடித்தார். நடுவர் கோட்டின் மேல் பித்தானைக் கழற்றினார்.

சுவரை நினைத்துக்கொண்டேன். மூன்றாவது பந்து நேராகப் போனது; நான்கு ரன். அடுத்ததும் நான்கு. "அய்யா, மன்னிச்சுக்கங்க" என்றார் பழைய உதவியாளர். அதற்கடுத்த இரண்டு பந்துகளை அவரால் தொட முடியவில்லை. பிறகு மன்னிப்புக் கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு ரன் ஓடினார்.

ஒரு பந்து மிச்சம். இன்னொரு வைடுக்கு இடமில்லை. தோள் அல்ல, இப்போது முதுகு வலித்தது. ஓடினேன். கை தலைக்கு மேலே வந்தபோதே தெரிந்துவிட்டது, இது நடு ஸ்டம்புக்குத்தான் போகிறது என்று. போனது. அதை அவர் தூக்கி அடித்தார். பந்து வேலியைத் தாண்டி ரோட்டில் விழுந்தது. என் வாழ்நாளில் நான் வீசிய மிக நேரான பந்து அது.

"ஓவர்" என்றார் நடுவர். "பதினெட்டு ரன் சார்."

"ரன்னப் பத்தி நிபந்தனை கெடையாது. வைடு எத்தன?"

"ரெண்டு."

"அடுத்த ஓவர நான் போட விதி இல்ல" என்றேன். "அதுக்கு அடுத்தத போடலாம்."

அவர் என்னைப் பார்த்தபடியே கழற்றிய பித்தானை மறுபடி போட்டுக்கொண்டார்.