சம்பளம் வாங்காத சனிக்கிழமைகள்

"அந்தப் பெரிய கடையில ஒரு பொம்பள சம்பளமே வாங்காம வேலை பார்க்குதாம், அண்ணி" என்று ஆரம்பித்தாள் தம்பி மனைவி. முடி வெட்டுகிற இடத்தில் கேட்டுக்கொண்டு வந்த சேதி. முடி வெட்டுகிறவளுக்கு அவளுடைய கொழுந்தன் சொன்னானாம். கொழுந்தனுக்கு யார் சொன்னார்களோ. "சனிக்கிழமை ஆனா வந்துடுமாம். கேக்குறவங்களுக்கெல்லாம் சாமான் எடுத்துக் கொடுக்குமாம். கொஞ்சம் மறை கழண்ட கேஸ் போல. பாவம், யாரு பெத்த பிள்ளையோ!"

சின்னக்கா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. யார் பெற்ற பிள்ளை என்று அவளுக்குத் தெரியும். எதிரில் உட்கார்ந்து சாப்பிட்ட விரலைச் சப்பிக்கொண்டிருந்த தம்பியைப் பெற்ற அதே வயிறுதான்.

"பாவம்தான்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

மறையெல்லாம் கழலவில்லை. எல்லாம் நீலக் கோட்டால் வந்த வினை. சின்னக்கா மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவள். தூள் உடுப்பில் படியாமல் இருக்க, முழங்கால் வரை ஒரு நீலக் கோட்டு. சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்ததும் அதைக் கழற்றச் சோம்பல்பட்டு, அப்படியே பெரிய கடைக்குள் நுழைந்துவிடுவாள். அங்கே வேலை செய்கிறவர்களுக்கும் நீலக் கோட்டுதான். முதல்முறை ஒரு அம்மாள் "பல்பு எங்கம்மா வச்சிருக்கீங்க?" என்று கேட்டபோது, "நான் இங்க வேலை பார்க்கலைங்க" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த முகம் சுருங்கும், "ஐயோ, மன்னிச்சுக்குங்க" என்று தடுமாறும். அதைப் பார்க்கிற தெம்பு சின்னக்காவுக்கு இல்லை. தேடிப்போய் பல்பை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

அவள் சுபாவமே அப்படி. பின்னால் நிற்பவருக்கு யாரோ கையசைக்க, தனக்கென்று நினைத்து இவளும் கையைத் தூக்கிவிட்டால், தூக்கிய கையை அப்படியே கொண்டுபோய்க் காதோர முடியை ஒதுக்கிக்கொள்வாள். விடைபெற்றுக்கொண்டு போனவர் அடுத்த வரிசையில் மறுபடி எதிரே வந்தால், கைக்கு அகப்பட்ட சோப்பை எடுத்து, பரீட்சைக்குப் படிப்பது மாதிரி அதன் அட்டையைப் படிப்பாள். தவறிப்போய் அடுத்தவர் தள்ளுவண்டியில் தன் சாமானைப் போட்டுவிட்டால் திருப்பிக் கேட்பது கிடையாது. அதற்குக் கொடுத்துவைத்த இடம் அதுதான் என்று வேறொன்று எடுத்துக்கொள்வாள். ஒருநாள் ஒரு குழந்தை தன் அம்மா என்று நினைத்து அவள் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஏதோ கதை சொல்ல ஆரம்பித்தது. முகத்தைப் பார்த்தால் பயந்துவிடுமே! அதன் அம்மா வந்து சேரும்வரை அலமாரிப் பக்கமே திரும்பி நின்று 'ம்' கொட்டிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு வாய் எதுக்குத்தான் இருக்கு, சின்னக்கா?" என்பான் தம்பி.

"சாப்பிடத்தான். இல்லன்னா உன்கிட்ட திட்டு வாங்குறப்போ மூடிக்கிட்டு இருக்க."

பஸ்காரர் பழக்கமானதும் இந்தக் கோட்டால்தான். காலமெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மகள் கல்யாணமாகிப் போனபின் வீட்டில் தனி ஆள். ஒரு சனிக்கிழமை, துணி துவைக்கிற சாமான்கள் முன்னால் திசை தெரியாமல் நின்றார்.

"ஏம்மா, இதைத்தான் போடுறேன். துணி கமகமன்னு இருக்கு, அழுக்கு மட்டும் போக மாட்டேங்குது. கம்பெனிக்காரன் ஏமாத்துறானா?"

பார்த்தால், துவைத்து முடித்தபின் வாசனைக்குப் போடுகிற திரவம். சின்னக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"இது பவுடர் பூசுற மாதிரி, சார். முதல்ல முகத்தைக் கழுவணும்ல?"

அவரும் சிரித்துவிட்டார். அதிலிருந்து வாரம் ஒரு கேள்வியோடு வந்துவிடுவார். கேள்வி தீர்ந்துபோன வாரத்தில்கூட, "இந்த விளக்குமாறு எந்தப் பக்கம் கூட்டணும்?" என்கிற ரகத்தில் ஒன்றைத் தயார் பண்ணிக்கொண்டு வருவார். சின்னக்காவும் எந்தப் பொருள் எந்த வரிசையில் என்று மனப்பாடம் செய்துகொண்டாள். ஒரே உறுத்தல், அவருடைய கண்ணாடி. ஒரு கால் வளைந்து, அடிக்கொருதரம் மூக்கு நுனிக்கு வழுக்கி விழும். அதைச் சரிபண்ணக் கை துறுதுறுக்கும். ஆனால் சோப்பு விற்கிறவளுக்குக் கண்ணாடி வேலை எப்படித் தெரியும்? கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொள்வாள்.

தம்பி மனைவி சொன்ன கதை அவரிடமும் போகாமலா இருக்கும்? ஒரு பைத்தியத்திடமா இத்தனை நாள் பேசிக்கொண்டிருந்தோம் என்று நினைத்துவிட்டால்? அந்தச் சனிக்கிழமை கோட்டைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டு, சாதாரணச் சேலையில் கடைக்குப் போனாள். பக்குவமாக நாமே சொல்லிவிடலாம் என்று வழியெல்லாம் ஒத்திகை.

அவர் முந்திக்கொண்டார். வரிசைக்குள் திரும்பும்போதே அவர் குரல் கேட்டது. கண்ணாடியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, கண்ணைக் கசக்கியபடி, நிஜமான நீலக் கோட்டுப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழமை இங்க நிப்பாங்களே ஒரு அம்மா, இன்னைக்கு லீவா?"

"அப்படி யாரும் எங்க கடையில இல்லையே, சார்."

"நல்லாத் தெரியுமா? நான் வாரா வாரம் பேசுறேன்மா."

அந்தப் பெண் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வை சின்னக்காவுக்குப் பொறுக்கவில்லை. ஒத்திகை பார்த்ததெல்லாம் பறந்துவிட்டது.

"நான்தான் சார். இங்க வேலை பார்க்கலை. கண்ணாடிக் கடையில இருக்கேன்."

"அப்போ இத்தனை நாளும்?"

"சும்மாதான் சார்."

"சும்மாவா?" அவர் முகம் சிவந்தது. "என்னைப் பார்த்தா அவ்வளவு பாவமாவா இருந்துச்சு?"

காதோர முடியை ஒதுக்கியோ சோப்பு அட்டையைப் படித்தோ தப்பிக்க வழியில்லை. அவர் தன் கூடையிலிருந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவள் சொல்லிக்கொடுத்த அதே இடங்களில் பிசகாமல் வைத்தார். "வர்றேங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். கண்ணாடி அலமாரியிலேயே இருந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடியபோது ஆளைக் காணோம்.

திங்கட்கிழமை பின்னறையில் அந்த வளைந்த காலை இளஞ்சூட்டில் காட்டி நிமிர்த்தினாள். மூக்கில் படுகிற இடத்துக்குப் புது மெத்தை வைத்தாள். காலின் உட்புறம் ஒரு சின்ன ஒட்டுத்தாளில் அவருடைய ஃபோன் எண் இருந்தது. மகள் ஒட்டியதாக இருக்கும். எங்கேயாவது மறந்து வைப்பார் என்று அவளுக்குத் தெரியாதா?

சாயங்காலம் சமையலறையில் அதைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவளிடம், "யார் கண்ணாடி அண்ணி? காலையில இருந்து மூஞ்சியே சரியில்ல" என்றாள் தம்பி மனைவி.

"அந்தச் சம்பளம் வாங்காத பொம்பள நான்தான்."

தம்பி மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். முழுக் கதையையும் கேட்டாள். "ஐயையோ, மறை கழண்டதுன்னு வேற சொல்லித் தொலைச்சேனே!" என்று தலையிலடித்துக்கொண்டு, "சரி, ஃபோனைப் போடுங்க" என்றாள்.

"கூப்பிட்டா தொந்தரவா இருக்காதா?"

"கண்ணாடி இல்லாம அந்த மனுசன் எதைத் தின்னாரோ, எதுல முட்டினாரோ! தொந்தரவாம்!"

சின்னக்கா எண்ணை அழுத்தினாள். சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்: 'பாவப்பட்டு இல்ல, சார். சனிக்கிழமை எப்ப வரும்னு இருந்துச்சு.'

மணி அடித்தது. அவருக்கு இது புது எண். கண்ணாடி இல்லாமல் எந்த எண்ணும் புது எண்தான். எடுப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பாரோ?

"வச்சிடவா?"

"வச்சீங்க, தெரியும் சேதி!" என்று அவள் கையை ஃபோனோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள் தம்பி மனைவி.

மணி அடித்துக்கொண்டே இருந்தது.