சாக்குக்கு அடியில் இருந்த ரீல்

அப்பா வந்தார். அம்மா வந்தாள். நான் போனேன். மாமா முன்பே அங்கே இருந்தார். ஒரகடம் டூரிங் கொட்டகையில் அம்மாவின் தம்பிதான் ஆபரேட்டர். கல்லாவில் கொட்டகை முதலாளி. தொண்ணூற்றொன்றாம் வருடம் அது. எனக்கு ஒன்பது வயது.

இங்கிலீஷ் படம், தமிழில் பேசும். மொத்தம் மூன்று பாகம். வலது கையை நீட்டினால் பறக்கிற ஒருத்தன் கதை. முதல் இரண்டையும் அப்பா மடியில் உட்கார்ந்து பார்த்தேன். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வலது கையை நீட்டிக்கொண்டே ஓடினோம். இரண்டாம் பாகம் முடியும்போது எதிரி அவன் கையை நசுக்கிவிடுவான். மூன்றாவதுக்குக் காத்திருந்தோம்.

காத்திருந்த வருடத்தில்தான் மறைமலை நகர் கம்பெனியில் அப்பாவின் வலது கை தகடு வெட்டும் பிரஸ் மெஷினுக்குள் போனது. மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றும் இல்லை. வேலை போனது. அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். ஒருநாள் விடியலில் கிணற்று மேட்டில் நின்றவரை அம்மா இழுத்து வந்தாள். அன்றிலிருந்து, அப்பா எங்கே போனாலும் பின்னாலேயே போவது என் வேலை. பேச்சுத்துணைக்கு என்று நினைத்தேன்.

படத்துக்கு அவரைக் கூப்பிட்டது நான். மூணாவதுல கை வந்துடும்ப்பா என்றேன். எழுந்து சட்டை போட்டுக்கொண்டார்.

கொட்டகையில் அவரைப் பார்த்ததும் மாமா முகம் மாறியது. "இவர ஏன்க்கா இட்டுகினு வந்த?" என்றார். அவராகத்தான் வந்தார் என்றாள் அம்மா.

படம் நன்றாக இல்லை. சண்டை இல்லை. பறக்கவில்லை. கட்டுப்போட்ட கையோடு ரூமுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். பெஞ்சிலிருந்து ஒருத்தர், "யோவ், கட்ட அவுத்துட்டாச்சும் பறய்யா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அங்கே ஒரே மெஷின். ஒரு ரீல் முடிந்தால் விளக்கைப் போட்டு அடுத்ததை மாட்டுவார்கள். கடைசித் தடவை விளக்கு எரிந்தபோது மாமாவுக்கு டீ கொண்டுபோனேன். ஒரு ரீல் டப்பாவைச் சாக்குக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தார்.

"யார்கிட்டயும் சொல்லாத."

பிறகு வெளியே வந்து, கடைசி ரீல் படப்பெட்டியில் வரவில்லை என்று சொன்னார். ஜனங்கள் திரையில் மண்ணை வாரி அடித்தார்கள். நாங்கள் நடந்தே வீட்டுக்கு வந்தோம்.

மறுநாள் காலையில், மாமாவும் தங்கியிருந்த எங்கள் வீட்டுக்கு முதலாளி வந்தார். காஞ்சிபுரம் போய், பெட்டி கொடுத்தவன் சட்டையைப் பிடிக்கப்போவதாகச் சொன்னார். படத்தில் பறக்கிறவனுக்குக் கை வந்ததை மாமாவால்தான் நான் பார்க்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு.

"ரீலு சாக்குக்கு அடியில கீது. மாமாதான் வெச்சாரு."

முதலாளி மாமாவை அறைந்தார். ஏன் என்று கேட்டார். மாமா மெஷின் ரூம் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார். வேலை போனது. ஆபரேட்டர் மாப்பிள்ளை என்று அவருக்குப் பேசிவைத்த பெண்ணையும் தரமாட்டோம் என்றார்கள். இனி அந்தப் படத்துக்கு யாரும் வரமாட்டார்கள் என்று மதியமே பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் மாமாவோடு பேசவில்லை.

சாயந்திரம் அப்பா மாமாவிடம் பேசினார்.

"அவன் கை இன்னாச்சிடா?"

அக்கா புருஷனை மாமாவும் மாமா என்றுதான் கூப்பிடுவார்.

"வந்துச்சி மாமா. பறந்துட்டான்."

அப்பா அம்மாவைக் கூப்பிட்டார். சோறு போடச் சொன்னார். அடுத்த மாதம் இடது கையால் சைக்கிள் பழகினார். பிறகு ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் ஆனார்.

அந்தப் படத்தை என் பையன் போனில் போட்டுக் காட்டியபோது மாமாவும் இல்லை, அப்பாவும் இல்லை. பெட்டி எடுக்கப் போன இடத்தில் மாமா அதை முன்பே பார்த்திருக்க வேண்டும். கடைசி ரீலில் அவன் மாடி விளிம்பில் நிற்கிறான். நசுங்கிய கையைப் பார்க்கிறான். குதிக்கிறான். பறக்கவில்லை.

மாமா ரீலை ஒளித்த அந்த நாளுக்குப் பிறகு அப்பா உயிரோடு இருந்தது இருபத்து மூன்று வருடம்.