ஏணியடியில் செருப்பு

எங்கள் முகப்பேர் குடியிருப்பின் வாசலில் இட்லி விற்ற அம்மாவுக்குக் கட்டைக் குரல். முக்காலிமேல் ஏறினாலும்கூடச் செருப்பை ஜோடியாகக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஏறுவார். குழாயில் தண்ணீர் நின்றுபோன வாரத்தில், மேல்நிலைத் தொட்டியின் ஏணியடியில் அந்தச் செருப்பைப் பார்த்தவர்கள், அவர் குதிக்கப்போகிறார் என்று போலீஸைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"இறங்கும்மா! அத்துமீறி ஏறினதுக்கு கேஸ் போடுவேன்!" என்று கத்தினார் எஸ்.ஐ.

"குதிக்க வர்ல சார். தண்ணி கீதான்னு பாக்க வந்தேன். கேஸு போடு. தொட்டி காலியா கீதுன்னு அதுலயே எழுது!" என்றார் அம்மா மேலிருந்து.

"அதை நான் பாக்கலையே!"

"அப்ப ஏறி வந்து பாரு!"

எஸ்.ஐ. அண்ணாந்து பார்த்தார். கேஸ் என்னவாயிற்றோ தெரியாது. எனக்கு நினைவில் நிற்பது அந்த ஏணியடிதான்: ஒரு ஜோடி செருப்பு, பக்கத்தில் ஒரு ஜோடி பூட்ஸ்.