முகத்துவாரத்துக்கு வெளியே ஐந்து மணி நேரம்

1. கைதட்டல்

என்னைக் கெடுத்தது ஒரு கைதட்டல். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் கோட்டைக்குப்பத்துக்காரன். இருபத்தெட்டு வருடம் ஃபைபர் படகுக்கு டிரைவராக இருந்தேன். இப்போது கண் மங்கிவிட்டது, இன்ஜினைத் திருப்பும் கைப்பிடியான டில்லரை விட்டுவிட்டேன். எங்கள் பக்கம் புதிதாகப் படகு ஓட்ட வருகிறவர்கள் இன்ஜினைப் பற்றி என்னைவிட நன்றாகவே பேசுகிறார்கள். மண்டைக்குள் ஓடும் இன்ஜினைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

கடலுக்குப் போய்வர எங்களுக்கு ஒரே வாசல், ஏரியும் கடலும் சேரும் முகத்துவாரம். அங்கே மணல் ஒரு இடத்தில் நிற்காது. நேற்று ஆழமாக இருந்த இடம் இன்று முழங்கால் அளவுதான் இருக்கும். வெளியே போகும்போது அலை கண்ணுக்கு எதிரே வருவதால் பார்த்துக்கொள்ளலாம். திரும்பி வரும்போதுதான் அது முதுகுக்குப் பின்னால் வரும். நாலைந்து பெரிய அலை வரிசையாக வரும், பிறகு கொஞ்ச நேரம் தணியும். அந்தத் தணிவில் படகை ஒரே மூச்சில் உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும். பாதியில் மனம் மாறக் கூடாது. மொத்தம் ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் டிரைவர் என்று ஒருவன்.

எங்கள் படகுகளில் ஒரு வழக்கம் உண்டு. முகத்துவாரம் நெருங்கியதும் டிரைவரைத் தவிர யாரும் வாய் திறக்கக் கூடாது. தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொள்வார்கள். முடிவு ஒருத்தனுடையது, அதனால் சத்தமும் அவனுடையதாகவே இருக்கட்டும் என்று வைத்திருக்கிறார்கள்.

அன்றைக்கு எனக்கு முன்னால் ஒரு படகு உள்ளே போனது. அதன் பின்னால் வெள்ளையாக நுரைத் தடம், பார்க்க ரோடு போட்டது போல. அந்தத் தடத்தில் நுழைவதை நாங்கள் வால் பிடிப்பது என்போம். செய்யக் கூடாத வேலை. முன்னால் போகிறவன் தணிவைத் தின்றுவிட்டிருப்பான், அடுத்த வரிசை நமக்கு வந்துகொண்டிருக்கும். எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் கரையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். த்ராட்டிலை முறுக்கினேன். பின்னால் எழுந்த அலை எங்கள் படகை அப்படியே தூக்கி, உடையாமல், ஏரிக்குள் கொண்டுபோய் விட்டது.

கரையில் ஒரே விசில். எவனோ போனில் எடுத்து, பின்னால் பாட்டும் போட்டு அனுப்பிவிட்டான். பக்கத்து ஊரான தோணிரேவு வரைக்கும் அந்த வீடியோ சுற்றியது. என் மனைவி வரலட்சுமி அதை நாலு தடவை பார்த்தாள். அவளுடைய அண்ணன் தேசப்பன் மட்டும் பார்க்கவில்லை. அவன் என் படகிலேயே, அணியத்தில், அதாவது முன்மூக்கில் உட்கார்ந்து வந்தவன்.

“இன்னா மச்சான், கம்முனு கீறே?” என்றேன்.

“தப்பாப் போனோம். நல்லபடியா வந்துட்டோம்” என்றான். அவ்வளவுதான்.

எனக்குச் சுருக்கென்றது. பொறாமை என்றுகூட நினைத்தேன். அவனும் நானும் ஒரே வயது, பதினைந்து வயதிலிருந்து ஒரே படகு. அவனுக்கு என் மேல் பொறாமை வர வேண்டிய அவசியமே இல்லை. வீடியோ வந்த பிறகு என் கண்ணுக்கு எல்லாமே அப்படித்தான் தெரிந்தது.

2. கவிழ்ந்தது

இரண்டு மாதம் கழித்து அதையே மறுபடி செய்தேன். அதே மாதிரி ஒரு படகு முன்னால், அதே மாதிரி நுரை, அதே மாதிரி ஆட்கள். அலை மட்டும் வேறு. இதில் நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. பின்பக்கம் எழும்பியது, மூக்கு குத்தியது, பிறகு எல்லாமே பச்சையாக இருந்தது. தண்ணீருக்கு அடியில் எவ்வளவு அமைதி என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. வெயில் துண்டு துண்டாக இறங்கி வந்துகொண்டிருந்தது. அவசரமே இல்லாத ஒரு இடத்துக்கு வந்துவிட்டது போல இருந்தது.

மேலே வந்தபோது என் படகு ஆட்களான ஏழுமலையும் அவன் தம்பியும் படகின் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தேசப்பனைக் காணோம். வலைக்கு அடியில் மாட்டியிருந்தான். இழுத்துப் போட்டபோது மூச்சு இருந்தது, வலது தோள் இறங்கித் தொங்கியது.

தோள் நாலு மாதத்தில் சரியானது. ஆனால் அவன் கடலுக்கு வரவில்லை. கரையில் வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

“இன்னும் வலிக்குதா மச்சான்?”

“வலி இன்னா வலி. அது அப்பவே பூடுச்சு.”

“அப்புறம்?”

ஊசியை நிறுத்தாமல் சொன்னான். “கோச்சுக்காத. உன் படகுல குந்த மனசு வரல.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நாலு அடி அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் சாதாரணமாகச் சொன்னதுதான் எனக்கு உள்ளே போய்த் தைத்தது. அன்றிலிருந்து எனக்கு வேறு ஆசை எதுவும் கிடையாது. அந்த மனிதன் மறுபடி என் படகில் ஏறி உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

3. தண்ணீரில் நின்றது

அதற்கு முதலில் நான் ஒழுங்காகப் படகு ஓட்ட வேண்டுமே. முகத்துவாரம் தெரிந்தாலே டில்லரை இறுக்கிப் பிடிப்பேன், விரல் வெளுத்துப்போகும். எல்லா அலையும் பெரிய அலையாகத் தெரியும். கொஞ்ச நாள் ஏழுமலையை ஓட்டச் சொல்லிவிட்டு நான் ஏரியில் போய் நின்றேன்.

விடியும் நேரத்தில் இடுப்பளவு தண்ணீரில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பேன். சின்னச் சின்ன அலை வயிற்றில் வந்து மோதும். இது வந்தது, போனது. அடுத்தது வந்தது, போனது. இவ்வளவுதான் பயிற்சி. முதல் நாள் பத்து அலைக்குள் மனம் தேசப்பனிடம் போய்விட்டது. திட்டாமல் திரும்பக் கூட்டிவந்தேன். ஒரு மாதத்தில் சூரியன் முகத்தில் சுடும் வரைக்கும் நிற்க முடிந்தது. சில நாள் தண்ணீர் எது, என் வயிறு எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. கண்ணைத் திறந்தால் ஏரி பால் மாதிரி இருக்கும், தூரத்தில் பூநாரைகள் ஒற்றைக் காலில் நின்றபடி தூங்கும்.

அந்தப் பக்கம் கஸ்தூரி என்று ஒரு பெண் இறால் தடவ வருவாள். வலை கிடையாது, இரண்டு கைதான். இறால் போடும் ஓலைக் கூடையான பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, குனிந்து, சேற்றில் உள்ளங்கையை ஓட்டிக்கொண்டே போவாள். பேச வேண்டும் என்றால் கயிற்றை வாயிலிருந்து எடுக்க வேண்டும், அதனால் தேவைக்குத்தான் பேசுவாள். என்னைக் கிண்டல் செய்வது அவளுக்குத் தேவையாக இருந்தது.

“இன்னாண்ணா, வூட்ல பாய் இல்லியா? தண்ணியில நின்னுகினு தூங்கற?”

“தூங்கல. கவனமா இருக்கப் பழகறேன்.”

“மூஞ்சப் பாத்தா சண்டைக்குப் போறவன் மாதிரி கீது. இப்பிடி மொறச்சா ஒண்ணும் மாட்டாதுண்ணா. கை தேடிச்சுன்னா இறா ஓடிடும். கைய லேசா வுட்டுடணும். அது இருந்தா கையே சொல்லும்.”

கயிற்றை மறுபடி கடித்துக்கொண்டு போய்விட்டாள். நான் அதுவரை கவனம் என்றால் பல்லைக் கடிப்பது என்று நினைத்திருந்தேன். அன்று முதல் டில்லரைக் கோழிக்குஞ்சைப் பிடிப்பது போலப் பிடித்தேன். இருபது வருடம் கழித்து டிரைவர் வேலையை அரிச்சுவடியிலிருந்து படித்தேன் என்று சொல்லலாம்.

4. ஸ்கூட்

காற்று அடிக்கும் நாட்களில் ஏலக் கொட்டகையில் ரம்மி ஓடும். பணம் கிடையாது, தோற்றவன் டீ வாங்கிவர வேண்டும். தேசப்பன் டீ வாங்கப் போய் நான் பார்த்ததில்லை. அவன் எப்படி ஜெயிக்கிறான் என்று அப்போதுதான் பின்னால் நின்று உற்றுப் பார்த்தேன். பத்து ஆட்டத்தில் ஆறு ஆட்டம் அவன் ஆடுவதே இல்லை. பதின்மூன்று சீட்டையும் ஒரு பார்வை பார்ப்பான், “ஸ்கூட்” என்று கவிழ்த்து வைத்துவிடுவான். முகத்தில் ஒன்றும் இருக்காது. நானோ எந்தக் கை வந்தாலும் ஆடுகிறவன். ஊரில் பாதி டீ நான் வாங்கியதுதான்.

“நல்ல சீட்டு மேல வரும்னு உனக்குத் தோணவே தோணாதா?” என்றேன்.

“தோணும். தோணறது வேற, கையில கீறது வேற.”

“கவுத்ததுக்கு அப்பால அந்தச் சீட்டே வந்துச்சுன்னா?”

“வரட்டுமே. வந்துச்சுன்னு நான் கவுத்தது தப்பாப் பூடுமா?”

இப்போது பையன்கள் போனில் போக்கர் ஆடுகிறார்கள், அதிலும் இதே கதைதான் என்கிறார்கள். எனக்கு அது தெரியாது. அவன் சொன்னது அன்று புரிந்த மாதிரி இருந்தது. நிஜமாகப் புரிந்தது மார்கழியில்.

5. ஐந்து மணி நேரம்

தூரத்தில் எங்கோ புயல். எங்களுக்கு மழை இல்லை, ஆனால் கடல் நீளமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பெட்டி நிறைய வஞ்சிரத்தோடு மதியம் பன்னிரண்டு மணிக்கு முகத்துவாரத்துக்கு வெளியே வந்து நின்றோம். ஏரித் தண்ணீர் வேகமாக வெளியே பாய்கிற நேரம். அது உள்ளே வரும் அலையோடு மோதி, வாசலில் சுவர் சுவராக எழுந்தது. தணிவு வருகிறதா என்று பார்த்தேன். வந்தது, ஆனால் குட்டையாக. ஒரு நிமிடம் வேண்டிய இடத்தில் முப்பது நொடிதான் கிடைத்தது.

எனக்கு முன்னால் ஐந்து படகுகள் காத்திருந்தன. முதல் படகு போனது, உள்ளே சேர்ந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தன. நான்காவது கிட்டத்தட்ட கவிழ்ந்து நிமிர்ந்தது. ஐந்தாவதும் போனது. எனக்கு எதிரே நுரைத் தடம் வெள்ளையாக விரிந்து கிடந்தது.

ஏழுமலை வழக்கத்தை உடைத்தான். “மச்சான், அல்லாரும் பூட்டாங்க. நம்ம மட்டும் இன்னாத்துக்கு நிக்கிறோம்? ஐஸு தாங்காது.”

“இது ஆடுற கை இல்லடா” என்றேன். “ஸ்கூட். நங்கூரத்த போடு.”

இன்ஜினை அணைத்தேன். சட்டென்று உலகம் அகலமாகிவிட்டது. படகு ஏறி ஏறி இறங்கியது. வெயில் வெளுத்து, வானத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருந்த கோடு அழிந்துபோனது. கலங்கரை விளக்கம் தரையை விட்டுப் பெயர்ந்து காற்றில் நின்றது. ஏரிக்கு மேலே பூநாரைக் கூட்டம் ஒன்று எழுந்து, ரோஜா நிறத்தில் ஒரு முறை திரும்பி, இறங்கியது. சத்தமே இல்லை. எத்தனை நேரம் என்று தெரியாது. நான் தூங்கவில்லை, விழித்திருந்தேன் என்றும் சொல்ல முடியாது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டு மணி சுமாருக்கு வடக்கிலிருந்து இன்னொரு படகு வந்து எங்களைத் தாண்டி வாசலுக்குப் போனது. அது கவிழ வேண்டும் என்று என் மனம் ஆசைப்பட்டது. ஒரு நொடிதான். நான் நின்றது சரி என்று ஏழுமலைக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக. அதில் நாலு பேர் இருந்தார்கள், நாலு பேரும் எனக்குத் தெரிந்தவர்கள். படகு உள்ளே சேர்ந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமாக இருந்தது. வீடியோவுக்கு ஆசைப்பட்ட மனமும் இதுவும் ஒன்றுதான் என்று அப்போது தெரிந்தது. அதற்குப் பிறகு மனம் தெளிந்துவிட்டது. வந்தது, போனது. அவ்வளவுதான்.

ஐந்து மணிக்குத் தண்ணீர் திரும்பியது. வாசல் தணிந்தது. ஒரே மூச்சில் உள்ளே வந்தோம். கரையில் ஏலம் முடிந்து கொட்டகையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

“இன்னா டிரைவரே, கடல்லியே குடித்தனம் போட்டுட்டியா?” என்று ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். யாரும் போனை எடுக்கவில்லை. வரலட்சுமி ஒரு மீனை எடுத்து அமுக்கிப் பார்த்து, “கருவாட்டுக்குப் போடலாம்” என்றாள்.

புதிதாகப் படகு ஓட்ட வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எடுத்த முடிவு நல்லதா கெட்டதா என்று கரைக்கு வந்த பிறகு பார்த்துச் சொல்லாதீர்கள். எடுக்கும்போது கண்ணுக்கு என்ன தெரிந்ததோ, அதை வைத்துச் சொல்லுங்கள். தப்பாகப் போய் நல்லபடியாக வந்த நாள்தான் ஆபத்தான நாள். அன்றைக்கு யாராவது கை தட்டினால் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் விடியற்காலை பெட்ரோல் கேனைத் தூக்கிக்கொண்டு போனேன். படகில் தேசப்பன் உட்கார்ந்திருந்தான்.

“நேத்து அஞ்சு பேரும் நல்லபடியாத் தானே வந்தாங்க?” என்றான்.

“ஆறு பேரு. அப்பால ஒருத்தன் வந்தான்.”

“நீ பூந்திருந்தா நீயும் வந்திருப்ப.”

“வந்திருப்பேன்.”

“அப்பிடியும் நின்னுட்ட.”

“நின்னுட்டேன்.”

நகர்ந்து எனக்கு வழி விட்டான். “சரி, வண்டிய எடு” என்றான்.

இன்ஜின் கயிற்றை இழுக்க மூன்று தடவை ஆனது. அன்று கடல் சாதாரணமாக இருந்தது, மீனும் சாதாரணம்தான். மதியம் திரும்பும்போது முகத்துவாரம் நெருங்கியது, வழக்கம்போல எல்லோரும் வாயை மூடினார்கள். தணிவுக்காகக் காத்திருந்து உள்ளே வந்தேன். வாசல் தாண்டிய பிறகுதான் முன்னால் பார்த்தேன். தேசப்பன் வலைக் குவியலில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்தபடி, தூங்கிக்கொண்டிருந்தான். எப்போது தூங்கினான் என்று ஏழுமலையிடம் சைகையில் கேட்டேன். வெளியே காத்திருக்கும்போதே என்று அவன் சைகை காட்டினான்.